அளவெடுத்துத் தைத்த தப்பு

"ஏம்மா, குடியாத்தம் இனிமேதான் வருதா, போய்டுச்சா?" என்று ரயிலில் யாராவது அவளிடம் கேட்டால், கேட்டவர் பாடு திண்டாட்டம்தான்.

"ரெண்டும் இல்ல" என்பாள். "முன்னாடி பொட்டிங்க பிளாட்பாரத்துக்குள்ள போய்டுச்சி. நம்ம பொட்டி இன்னும் வெளிய நிக்குது."

"நான் இறங்கலாமா கூடாதா, அதச் சொல்லும்மா."

"இப்போதைக்குத் தெரியல."

கேட்ட அம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு வேறு யாரிடமாவது போய்விடுவார். எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். ஆம்பூரிலிருந்து காட்பாடிவரை தினமும் அவள் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றே பயணம் செய்தவள் நான். ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்கள், காட்பாடியில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று பெட்டி பிதுங்கும். கையைத் தூக்கினால் இறக்க இடம் இருக்காது. அந்த நெரிசலிலும் அவள் கேள்விக்குச் சரியான பதிலைத்தான் தேடுவாள், வசதியான பதிலை அல்ல.

அவள் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால், எங்கேயாவது இதைப் படித்துவிட்டு, இன்ன இன்ன இடத்தில் நீ எழுதியது சரியில்லை என்று சொல்வாள். அப்படிச் சொல்கிறவள்தான் அவள். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவள், ஆனால் அக்கா என்று கூப்பிட்டால் பிடிக்காது.

எங்கள் அலுவலகம் காட்பாடியில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியில் இருந்தது. கீழே ஜவுளிக் கடை, நடுவில் கண் ஆஸ்பத்திரி, மேலே நாங்கள் ஆறேழு பேர். ஜன்னல் கண்ணாடிகளைக் கட்டடக்காரர் ஒரேயடியாக ஒட்டிவிட்டிருந்தார், திறக்க முடியாது. வெளிநாட்டில் ஒரு கம்பெனி சிப் தயாரித்தது. அந்தச் சிப்புக்கான கம்பைலரின் ஒரு பகுதியை நாங்கள் பார்த்துக்கொண்டோம். கம்பைலர் என்பது மனிதர்கள் எழுதும் புரோகிராமைச் சிப்புக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றித்தரும் மென்பொருள். அதன் கடைசிக் கட்டம், சிப்புக்கு மிக அருகில் இருக்கிற கட்டம், எங்களுடையது. சிப்பைப் பொருத்திய சோதனைப் போர்டு ஒன்றே ஒன்றுதான் அனுப்பியிருந்தார்கள். அது அலுவலகத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பது ஒப்பந்தம். அதனால் வீட்டிலிருந்து வேலை என்ற பேச்சே இல்லை. ஊரெல்லாம் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோதும் நாங்கள் அந்தப் போர்டுக்குக் காவல் இருந்தோம்.

அவளுடைய கணவருக்குக் கோவைக்கு வேலை மாறியிருந்தது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்துவிடும், குழந்தையை நடுவில் மாற்ற முடியாது என்று மகளையும் அவரோடு அனுப்பி அங்கேயே யூகேஜியில் சேர்த்துவிட்டார்கள். அவளுக்கும் கோவையில் ஒரு கம்பெனியில் இதே மாதிரி வேலை கிடைத்துவிட்டது. இங்கே மூன்று மாத நோட்டீஸ் கொடுத்தாள். அதுவரைக்கும் ஆம்பூரில் அண்ணன் வீட்டு ஹாலில் படுத்துக்கொள்வது என்று ஏற்பாடு. அண்ணன் ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர், நல்ல மனிதர், ஆனால் ஹால் அவருடைய பிள்ளைகள் படிக்கிற இடம். அவர்கள் படித்து முடிக்கும்வரை இவள் சமையலறைப் படியில் உட்கார்ந்திருப்பாள்.

மூன்று மாதம் முடிந்தது. அவளை விடவில்லை.

விடமாட்டோம் என்று யாரும் சொல்லவும் இல்லை. அதுதான் கொடுமை. எங்கள் மேனேஜர் மென்மையான மனிதர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே கிடையாது. "அந்த ஒரு ஃபைலை முடிச்சிக் குடுத்துட்டு, ஒருத்தருக்கு ஹேண்ட் ஓவர் பண்ணிட்டா, தாராளமா போலாம்மா" என்பார். எப்போது சார் என்றால், "பார்க்கலாம்மா" என்பார். கோவைக் கம்பெனியோ ரிலீவிங் லெட்டர் இல்லாமல் சேர்த்துக்கொள்ளாது. இரண்டு முறை சேரும் தேதியைத் தள்ளிவைத்தார்கள். மூன்றாவது முறை, இந்த மாதக் கடைசிக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதிவிட்டார்கள். கோவையில் இந்த வேலைக்கு வேறு கம்பெனி கிடையாது.

அந்த ஒரு ஃபைலைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அந்தச் சிப் எட்டு எண்களை எடுத்து, இன்னொரு எட்டு எண்களோடு ஒரே நேரத்தில் ஒப்பிடும். நீளமான எண்களாக இருந்தால் நான்கு நான்காக. சமமா, பெரிதா, பெரிதாகவோ சமமாகவோ இருக்கிறதா. இந்த மூன்று கேள்விகள் மட்டும்தான் அதற்குத் தெரியும். மற்ற எல்லாக் கேள்விகளையும் கம்பைலர்தான் இந்த மூன்றை வைத்து ஒப்பேற்றவேண்டும். சிறிதா என்று கேட்டால், இடது வலதை மாற்றிவைத்துப் பெரிதா என்று கேட்கவேண்டும். சமமில்லையா என்றால், சமமா என்று கேட்டு வந்த பதிலைப் புரட்டிப் போடவேண்டும். இதைச் செய்கிற ஃபைல், பல வருஷங்களாகப் பல பேர் கைபட்டு நாசமாகிக் கிடந்தது. ஒவ்வொருவரும் அவரவர் அவசரத்துக்கு ஒரு விதிவிலக்கைச் சொருகிவிட்டு வேலையை விட்டுப் போயிருந்தார்கள். எந்த விதிவிலக்கு எதற்கு என்று சொல்ல ஆள் இல்லை. திறந்து பார்த்தவர்கள் உடனே மூடிவிடுவார்கள். நானும் இரண்டு முறை திறந்து மூடியிருக்கிறேன்.

அவளிடம் கொடுத்த வேலை அதை ஒழுங்குபடுத்துவது. வெளியே நடத்தை எதுவும் மாறக்கூடாது, உள்ளே மட்டும் சுத்தமாகவேண்டும். வீட்டில் தூங்குகிறவர்களை எழுப்பாமல் பரணை ஒழிக்கிற மாதிரி வேலை. பழைய கம்பைலர் கொடுத்த கட்டளைகளையும் புதிய கம்பைலர் கொடுக்கும் கட்டளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த வெளிநாட்டு வாடிக்கையாளர் பார்ப்பார்கள். ஒரு வரி வித்தியாசம் இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆரம்பத்தில் நான்தான் அவளிடம் கேட்டேன். "இதுல இன்னா அவ்ளோ கஷ்டம்? சிறிசு இல்லன்னா பெரிசு, இல்லாட்டி சமம். புரட்டிப் போட்டா வேலை முடிஞ்சிது."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஒங்கம்மாவுக்கு சுகர் டெஸ்ட் எடுத்தியே. சுகர் கம்மியான்னு கேக்குற. இல்லன்னு பதில் வருது. அப்ப ஜாஸ்தியா?"

"ஆமா."

"டியூப் கீழ விழுந்து ஒடைஞ்சி போச்சின்னா?"

நான் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினேன்.

"ரத்தமே இல்ல. கம்மியும் இல்ல, ஜாஸ்தியும் இல்ல, சமமும் இல்ல. அப்படி ஒரு நம்பர், நம்பரே இல்லாத நம்பர், உள்ள சுத்திட்டு இருக்குது. பூஜ்யத்த பூஜ்யத்தால வகுத்தா வரும், சென்சார் செத்துப்போனா வரும். அத எதோட வெச்சி ஒப்பிட்டாலும் பதில் இல்லன்னுதான் வரும். அதையே அதோட வெச்சிப் பாத்தாக்கூட சமம் இல்ல. அதனால சும்மா புரட்டிப் போட முடியாது."

அவளுக்கு வாழ்க்கையே இப்படித்தான் இருந்தது என்று எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரிந்தது. கேண்டீன் பையன் காபியா டீயா என்று கேட்டால், இன்னைக்கு எதுவுமே குடிக்காமல் இருக்க முடியுமா என்று நிஜமாகவே யோசிப்பாள். லாங் பஜாரில் புடவைக் கடையில் பச்சையா நீலமா என்று கடைக்காரர் கேட்க, இரண்டையும் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்து, ரெண்டும் வேணாம் என்று எழுந்துவிட்டாள். கடைக்காரர் என்னைத்தான் முறைத்தார். அவளோடு கடைக்குப் போவதை அன்றோடு விட்டேன்.

என் கல்யாணத்தையும் அவள் கெடுக்கப் பார்த்தாள், அல்லது நடத்திவைக்கப் பார்த்தாள், எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. திமிரிப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் வந்து பார்த்துவிட்டுப் போனான். பிடித்திருக்கிறதா இல்லையா, இன்றைக்குள் சொல் என்று அம்மா நின்றாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இவளிடம் கேட்டேன்.

"இன்னும் தெரியலன்னு சொல்லு. அதுவும் பதில்தானே?"

சொன்னேன். சாயந்திரம் வீட்டுக்குப் போனால், பையன் வீட்டுக்கு அம்மா போன் போட்டு எங்களுக்குச் சம்மதம் என்று சொல்லியிருந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லையே, அப்படியென்றால் சரிதானே என்பது அம்மாவின் கணக்கு. அந்தச் சம்மதத்தை வாபஸ் வாங்க நான் பட்ட பாடு நாய் படாது. மறுநாள் ரயிலில் இவளைப் பிடித்துக் கத்தினேன்.

"ஒன்னாலதான் எனக்கு இந்தப் பேஜார்."

"ஒங்கம்மா பதிலைப் புரட்டிப் போட்டுட்டாங்க" என்றாள். முகத்தில் சிரிப்பே இல்லை. நான்தான் அந்தக் கோபத்திலும் சிரித்துவிட்டேன்.

அந்த ஃபைலை அவள் முடித்தபோது அது அழகாக இருந்தது. இந்த வேலையில் அழகு என்று சொன்னால் வெளியாட்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பக்கம் பக்கமாக இருந்த விதிவிலக்குகள் போய், ஒரே ஒரு அட்டவணை இருந்தது. எந்தக் கேள்வி வந்தால், எந்த அடிப்படைக் கட்டளை, இடம் மாற்றவேண்டுமா, பதிலைப் புரட்டவேண்டுமா. அவ்வளவுதான். புதிதாக வருகிற யாரும் ஒரு மத்தியானத்தில் படித்துப் புரிந்துகொள்ளலாம். அதைத்தான் அவள் நினைத்துச் செய்தாள். "என்னைய மாதிரி யாரும் இதுல மாட்டக்கூடாது. படிச்சா புரியணும், அப்பதான் விட்டுட்டுப் போவ முடியும்" என்றாள்.

அனுப்பினாள். திரும்பி வந்துவிட்டது.

வாடிக்கையாளர் பக்கத்தில் சரிபார்க்கிறவர் ஒருவர் இருந்தார். முகம் பார்த்ததில்லை. சுருக்கமாக எழுதுவார். நடத்தை மாறாது என்று சொன்னீர்கள், ஒரு இடத்தில் மாறியிருக்கிறது என்று எழுதியிருந்தார்.

நாங்கள் அந்த இடத்தைத் தேடிப்போனோம். 'சிறிதாக இல்லாமல் இருக்கிறதா' என்று புரோகிராம் கேட்கிற இடம். பழைய ஃபைலில், எட்டு எண்கள் சேர்ந்து வரும்போது மட்டும், யாரோ ஒரு குறுக்கு வழி போட்டிருந்தார்கள். சிறிதல்ல என்றால் பெரிதோ சமமோதானே என்று நேராக அந்தக் கட்டளையை எடுத்துவிட்டார்கள். ஒரு கட்டளை மிச்சம். உடைந்த டியூபை மட்டும் மறந்துவிட்டார்கள். டியூப் உடைந்திருந்தால், ஆமாம் என்று சொல்லவேண்டிய இடத்தில் சிப் தவறாக இல்லை என்று சொல்லும். எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது என்று தெரியாது. அவளுடைய அட்டவணையில் அந்தக் குறுக்கு வழிக்கு இடமே இல்லை. தப்பு தானாகவே உதிர்ந்துவிட்டிருந்தது. அவள் திருத்த நினைக்கக்கூட இல்லை.

அவள் பெரிய விளக்கம் எழுதினாள். பதில் வந்தது. நீங்கள் சொல்வது சரி. ஆனால் இதைத் தனி மாற்றமாகக் கொடுங்கள், ஒரு கட்டளை கூடுவதால் வேகம் குறையும், வேகத்தைப் பார்க்கும் குழு ஒப்புக்கொள்ளவேண்டும். எப்போது ஒப்புக்கொள்வார்கள் என்று கேட்டாள். அடுத்த வெளியீட்டில் பரிசீலிப்போம் என்று வந்தது. அடுத்த வெளியீடு அடுத்த வருஷம்.

நான் மேனேஜர் அறைக்குப் போனேன். எனக்கு எப்போதுமே கோபம் மூக்குக்கு மேல். "சார், அவங்க வேலைய முடிச்சிட்டாங்க. தப்பு பழைய ஃபைல்ல இருந்திச்சி. இதுக்கு அவங்கள ஏன் சார் நிறுத்தி வெக்கணும்?"

"நான் எங்கம்மா நிறுத்தி வெச்சேன்? கிளையண்ட் அப்ரூவ் பண்ணட்டும், அன்னைக்கே லெட்டர் குடுத்துடுறேன்."

"அவங்க ஒரு வருஷம் பண்ணலன்னா?"

"பார்க்கலாம்மா."

அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது. மாட்டேன் என்று சொன்னால் சண்டை போடலாம். இந்த மனிதரிடம் எதைப் பிடித்துச் சண்டை போடுவது?

வெளியே வந்து அவளிடம் சொன்னேன். "நீ பேசாம அந்தத் தப்பத் திரும்ப வெச்சிடு. பழையபடியே இருக்கட்டும். அப்ரூவ் ஆயிடும். நீ கெளம்பு."

"தெரிஞ்சே எப்டிப்பா வெக்கறது?"

"முன்னாடியே இருந்ததுதானே. நீயா புதுசா வெக்கறே?"

"அப்ப யாருக்கும் தெரியாது. இப்ப எனக்குத் தெரியுமே" என்றாள். "இந்தச் சிப்ப எங்க வெப்பாங்கன்னு நமக்குச் சொல்றதில்ல. பொம்மையில இருக்கலாம். ஆஸ்பத்திரி மிஷின்ல இருக்கலாம். டியூப் ஒடைஞ்சது தெரியாம எங்கயோ ஒரு மிஷின் நார்மல்னு ரிப்போர்ட் குடுத்துட்டு இருக்கும்."

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. மாதம் ஓடிக்கொண்டிருந்தது, அவள் எங்கேயோ இருக்கிற மிஷினுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாரம் முழுக்க ரயிலில் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பாள். மேல்பட்டியில் கூட்டம் ஏறி எங்களைச் சுவரோடு சுவராக நசுக்கும். கண்ணைத் திறக்கமாட்டாள்.

மகளோடு அவள் மத்தியானச் சாப்பாட்டு வேளையில்தான் பேசுவாள். எங்கள் மாடிக்கும் கண் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் படிக்கட்டுத் திருப்பத்தில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். கறுப்புக் கண்ணாடி போட்ட நோயாளிகள் வரிசையாகப் படியில் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கு நடுவில் இவள் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அன்றைக்கு நான் டிபன் பாக்ஸைக் கழுவிவிட்டு அந்த வழியாக வந்தேன்.

"அம்மா, எங்க ஸ்கூல் டான்சுக்கு நீ வர்றியா, வரலியா?" பாப்பாவின் குரல் படிக்கட்டு முழுக்கக் கேட்டது. கோவைக்குப் போய் அதற்குள் பேச்சுகூடக் கொஞ்சம் மாறியிருந்தது.

"இன்னும் தெரியலடா கண்ணு. பாக்குறேன்."

குழந்தை அழவில்லை, அடம் பிடிக்கவும் இல்லை. திரும்பி, பக்கத்தில் இருந்த தன் அத்தையிடம், "அத்தை, அம்மா வரலயாம்" என்றது. அப்புறம் போனைச் சோபாவில் போட்டுவிட்டு விளையாடப் போய்விட்டது. திரையில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் போனை அணைக்காமல் அந்த மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரலன்னு நான் சொல்லவே இல்லியே" என்றாள் என்னிடம். "தெரியலன்னுதானே சொன்னேன்."

"குழந்தைக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன்.

படியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கறுப்புக் கண்ணாடியை எங்கள் பக்கம் திருப்பி, "கொழந்தையா?" என்று கேட்டார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். அந்தக் கண்ணாடிக்குள்ளிருந்து அவருக்கு அது தெரிந்திருக்காது.

"இல்லப்பா" என்றாள் அப்புறம். "அது சொன்னதுதான் கரெக்டு. நான் போகல. போகாம, தெரியல தெரியலன்னு சொல்லிட்டு இருக்கேன்."

மேலே வந்ததும் என் நாற்காலியைத் தன் பக்கமாக இழுத்தாள். "பக்கத்துல ஒக்காரு. அந்தத் தப்பத் திரும்ப வெக்கணும்."

நான் நினைத்த மாதிரி அது எளிதாக இல்லை. சுத்தமான அட்டவணையில் ஒரு தப்பை எங்கே வைப்பது? முதலில் அவள் வைத்தது பெரிதாகிவிட்டது. எட்டு எண்களுக்கு மட்டும் இருந்த தப்பு, நான்கு எண்களுக்கும் வந்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்த்தால் நிறைய இடங்களில் வித்தியாசம் காட்டியது.

"தப்பு ஜாஸ்தியாயிடுச்சி" என்றாள்.

குறைத்தாள். இப்போது கம்மியாகிவிட்டது. பழைய ஃபைல் தப்பு செய்த ஒரு இடத்தில் இவளுடையது சரியாகச் செய்தது, அதுவும் வித்தியாசம்தான். பழைய தப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த நிலையில் வருகிறது, எதில் வராது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, தையல்காரர் உடம்பை அளந்து துணி வெட்டுகிற மாதிரி, அந்தத் தப்பை அளவெடுத்துத் தைத்தாள். சரியானதை எழுதும்போதுகூட அவள் அவ்வளவு கவனமாக இருந்ததில்லை. கடைசியில் ஒரு வரி வித்தியாசம் இல்லை. திரையில் எல்லாம் பச்சையாக வந்தது. நான் கை தட்டப் போனேன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

அந்த இடத்துக்கு மேலே ஒரு குறிப்பு எழுதினாள். இது தவறு, எண் அல்லாத எண் வந்தால் பொய் சொல்லும் என்று ஆங்கிலத்தில். சரிபார்க்கிறவர் மற்றதையெல்லாம் ஒப்புக்கொண்டு, அந்த வாசகத்தை மட்டும் மாற்றச் சொன்னார். 'முன்பிருந்த நடத்தை அப்படியே வைக்கப்பட்டுள்ளது' என்று மாற்றினாள். தட்டச்சு செய்யும்போது உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். திருத்தத்தைத் தனியாக ஒரு மாற்றமாக எழுதி வரிசையில் போட்டாள். அதையும் அந்த ஃபைலையும் என் பெயருக்கு மாற்றினாள்.

மேனேஜர் சொன்ன சொல் தவறவில்லை. அன்றைக்கே லெட்டர் கொடுத்தார். மீட்டிங் அறையில் ஜிலேபியும் மிக்சரும் வைத்து, இவரைப் போல இன்னொருவர் கிடைக்கமாட்டார் என்று உருக்கமாகப் பேசினார். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். எனக்குத்தான் ஜிலேபி இறங்கவில்லை. இனி அந்த ஃபைலுக்கு நான்தான் பொறுப்பு.

கோவைக்குப் போனவள் முதலில் தினமும் போன் செய்தாள். பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டால், நல்லா இருக்கா, டான்சு நல்லா ஆடினா என்று ஒரு வரியில் முடித்துவிட்டு, "அது போச்சா?" என்பாள். அந்தத் திருத்தம் உள்ளே போனதா என்றுதான்.

"இன்னும் இல்லப்பா."

"ஆமா. காலையில பாத்தேன். அப்படியேதான் இருக்குது."

அந்தக் கம்பைலரின் ஃபைல்களை வாடிக்கையாளர் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருந்தார்கள். மாற்றத்தான் அவர்கள் அனுமதி வேண்டும், படிக்க யாருக்கும் தடையில்லை. தினமும் காலையில் எழுந்ததும் அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து, தான் தைத்த அந்தச் சில வரிகளைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. சமைக்கும்போது பார்ப்பாளாம், பள்ளிக்கூட வாசலில் நிற்கும்போது பார்ப்பாளாம். "அம்மா எப்பப் பாத்தாலும் போன்தான்" என்று பாப்பாவே ஒரு முறை போனைப் பிடுங்கி என்னிடம் புகார் சொன்னது. ஆம்பூரில் அண்ணன் வீட்டுச் சமையலறைப் படியில் உட்கார்ந்திருந்தவள், கோவைக்குப் போயும் அதே படியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி எனக்கு இருந்தது.

நான் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மாதம் தவறாமல் எழுதினேன். அந்தச் சரிபார்க்கிறவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் விஷயத்தை முதலிலிருந்து கேட்டார். அவருக்கும் டியூப் கதையை எழுதினேன். நல்ல விளக்கம், நன்றி, குறித்துக்கொண்டோம் என்றார். வெளியீடு வந்தது, போனது. திருத்தம் வரிசையிலேயே கிடந்தது. நானும் கோவைக்கோ பெங்களூருக்கோ போகலாம் என்று பார்க்கிறேன். அந்த ஃபைலை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டுமாம்.

ஒரு நாள் சாயந்திரம் ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கி நடந்துகொண்டிருந்தபோது அவள் போன் வந்தது. அன்றைக்கு எனக்கு அலுவலகத்தில் மனசு நொந்துபோயிருந்தது. பின்னணியில் பாப்பா ஏதோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அம்மா, அம்மா, அம்மா என்று. இவள் அதைக் காதில் வாங்காமல் என்னிடம் கேட்டாள்.

"அது போச்சா?"

"போயிடுச்சி" என்றேன்.

யோசித்துச் சொன்னது இல்லை. வாயில் வந்துவிட்டது. அன்று காலையும் அவள் பார்த்திருப்பாள் என்பது எனக்குத் தெரியும். கையில் இருக்கிற அதே போனில் ஒரு முறை தொட்டால் நான் சொல்வது பொய் என்று தெரிந்துவிடும். எந்த மாற்றத்தில், எப்போது, யார் ஒப்புக்கொண்டார்கள், நாலைத் தொடாமல் எட்டுக்கு மட்டும் போச்சா என்று கேட்கப்போகிறாள் என்று நடக்காமல் நின்றேன். பின்னால் வந்தவர்கள் என்னை இடித்துக்கொண்டு போனார்கள்.

"அப்படியா" என்றாள் மெதுவாக. "சந்தோஷம்பா."

பாப்பா மறுபடியும் கூப்பிட்டது. "தோ வர்றேன்டா" என்று அவள் சொன்னது எனக்கும் கேட்டது.

"சரி, நான் வெக்கிறேன். இதுக்கு சைக்கிள் கத்துக் குடுக்கணும், வாசல்ல நின்னுட்டு கத்துது."

அதற்கப்புறமும் அவள் போன் செய்துகொண்டுதான் இருக்கிறாள். அந்த ஃபைலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.